"டிம் சம் இப்படித்தான் சார் இருக்கும்"

ஆறின இட்லியைத் தட்டுல வச்சா மதுரைக்காரன் என்ன செய்வான்னு உங்களுக்கே தெரியும். "என்னண்ணே, காலைல அவிச்சதா?"ன்னு கேட்டுத் தட்டைத் தள்ளி வச்சிடுவான். ரோட்டோரம் இட்லி ஊத்துற அக்காவுக்கும் இது தெரியும். அதனாலதான் அவங்க துணியோட இட்லியைத் தூக்கும்போது நம்ம மூக்குக் கண்ணாடி மறைக்கிற அளவுக்கு ஆவி பறக்குது.

அதே மதுரைக்காரன், ஏசி போட்ட சைனீஸ் ரெஸ்டாரன்ட்ல மூங்கில் கூடையில ஆறிப்போன டிம் சம் வந்தா, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சுட்டு, சர்வீஸ் சார்ஜும் சேர்த்துக் கட்டிட்டு வர்றான். ஏன்?

இந்த இழை அதைப் பத்தித்தான். நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

எங்க ஏரியா கோச்சடை. மேலக்கால் ரோட்டுப் பக்கம் இப்படி ஒரு கடைக்கு மூணு தடவை போயிருக்கேன். கடை பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னா அந்தக் கடையோட சண்டை முடிஞ்சிடும், விஷயம் அப்படியே கிடக்கும்.

முதல் தடவை, மெனுவில "கிரிஸ்டல் டம்ப்ளிங்"னு இருந்ததை வாங்கினோம். 4 பீஸ், 340 ரூபாய். தோல் பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டை கனம். எடுத்தா அடியில காகிதத்தோட ஒட்டிக்கிட்டு, உள்ள இருந்தது தனியா விழுந்துச்சு. சரி, போகட்டும், ருசி அவங்கவங்க இஷ்டம். ரெண்டாவது தடவை டியூட்டி முடிஞ்சு நண்பர்களோட போனேன். மேல சூடு, கடிச்சா நடுவுல ஜில்லுன்னு இருக்கு. மூணாவது தடவை சிக்கன் வாங்கினோம். நடு ஜில்லுன்னு மட்டும் இல்ல, உள்ள வெந்த கறியோட நாரே இல்ல, பசை மாதிரி இருந்துச்சு. கூப்பிட்டுக் கேட்டேன். மேனேஜர் சிரிச்சுக்கிட்டே சொன்ன பதில்தான் இந்த இழைக்குத் தலைப்பு.

இந்த ஒரு வாக்கியத்து மேலதான் எனக்குக் கோபம். உங்களுக்குத் தெரியாதுங்கிற தைரியத்துல சொல்றது அது.

அப்போ டிம் சம் எப்படி இருக்கும்? தென் சீனாவில குவாங்டாங் பக்கம், டீக்கடையில காலைல இருந்து மத்தியானம் வரைக்கும் டீயோட சேர்த்துச் சாப்பிடுற சின்னச் சின்னப் பலகாரங்கள். அந்தப் பழக்கத்துக்குப் பேரே "யம் சா", அதாவது டீ குடிக்கிறது. இறால் வச்ச "ஹார் காவ்"க்குக் கோதுமை மாவுல புரதத்தை நீக்கின ஸ்டார்ச்சுலதான் தோல் செய்வாங்க. அதனாலதான் உள்ள இருக்கிற இறால் வெளிய நிழலாத் தெரியும். மூங்கில் கூடையும் அழகுக்கு வச்சது கிடையாது. ஆவி தண்ணியாகி மேல சொட்டாம மூங்கில் மூடி உறிஞ்சிக்கும், நம்ம இட்லித் துணி ஈரத்தை வாங்கிக்கிற மாதிரி. யோசிச்சுப் பாருங்க, ஆவியில வேகுற பலகாரத்தைப் பத்தி மதுரைக்குப் பாடம் எடுக்க யாராலயும் முடியாது. ஆனா அந்தக் கடைக்குள்ள போனதும் நாம வாயை மூடிக்கிறோம்.

இப்போ டாக்டரா பேசுறேன்.

பெரும்பாலான இடத்துல இது ஃப்ரீசர் பாக்கெட்டுல வர்ற சரக்கு. அதுல தப்பே இல்ல, ஒழுங்கா வேக வச்சா. ஞாயித்துக்கிழமை ராத்திரி கூட்டம்னா வேகுற நேரத்தைத்தான் முதல்ல குறைப்பாங்க. தோல் வெந்து பளபளன்னு ஆயிடும், நடுவுல இருக்கிற கறி அப்பதான் உருகிட்டு இருக்கும். முழுத் துண்டு கறியில கிருமி பெரும்பாலும் மேல்பக்கம்தான் இருக்கும். கொத்துக்கறியில அரைக்கும்போதே எல்லாப் பக்கமும் கலந்துடும். அதனால "மேல வெந்திருக்கே"ங்கிற பேச்சு கொத்துக்கறிக்குச் செல்லாது. நடுப்பகுதி 70 டிகிரி தொடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுல சாப்பாட்டை வச்சிருந்தா கிருமி பெருகும். அதை அளக்குற தெர்மாமீட்டர் அந்த 4 பீஸ் விலைக்குப் பக்கத்துலயே கிடைக்கும்.

அடுத்து வர்ற ஃப்ரைட் ரைஸ். முந்தின நாள் சோத்தை அடுப்படியிலயே வச்சிருந்து மறுநாள் வறுத்தா, பேசில்லஸ் செரியஸ்னு ஒரு பாக்டீரியா அதுல விஷத்தை உண்டாக்கி வச்சிருக்கலாம். அந்த விஷம் சூட்டுக்கு அழியாது. வாணலியில நெருப்பு எழும்புற மாதிரி புரட்டினாலும் அழியாது. சாப்பிட்ட 1 மணி நேரத்துல இருந்து 6 மணி நேரத்துக்குள்ள வாந்தி ஆரம்பிக்கும். ராத்திரி டியூட்டியில நான் பாக்குற கதையில பாதி இதுதான்.

வர்றவங்க எல்லாரும் சொல்லி வச்ச மாதிரி ஒண்ணைச் சொல்வாங்க: "சார், அஜினமோட்டோ ஒத்துக்கல."

அய்யா, அம்மா, அந்த உப்பை விட்டுடுங்க. 1968ல ஒரு டாக்டர் அமெரிக்க மருத்துவ இதழுக்கு எழுதின ஒரு கடிதத்துல ஆரம்பிச்ச கதை அது. பிறகு யாருக்கு எது குடுக்கிறோம்னு மறைச்சு வச்சு ஆய்வு செஞ்சப்போ, சாப்பாட்டோட சேர்ற அளவுக்கு அந்தக் குற்றச்சாட்டு நிக்கல. வெறும் வயித்துல பெரிய அளவுல எடுத்தா சிலருக்குக் கொஞ்ச நேரம் தலைவலி வரலாம். அவ்வளவுதான். தக்காளியில இயற்கையாவே இருக்கிற குளூட்டமேட்தான் அது. ஆனா இந்தப் பேச்சு கடைக்காரருக்கு எவ்வளவு வசதி பாருங்க! "இங்கு அஜினமோட்டோ சேர்ப்பதில்லை"ன்னு ஒரு போர்டு மாட்டினா போதும், ஃப்ரிட்ஜைப் பத்தி யாரும் கேக்க மாட்டாங்க.

கூடவே வெள்ளையா ஒரு கிண்ணம் வரும். மயோனைஸ். கேன்டன்காரனுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்குப் புரியல. 2024 அக்டோபர்ல ஹைதராபாத்தில மோமோ சாப்பிட்டுப் பலருக்கு உடம்பு சரியில்லாமப் போய், ஒரு பெண் இறந்தாங்க. அதைத் தொடர்ந்துதான் தெலங்கானா பச்சை முட்டை மயோனைஸைத் தடை செஞ்சது. தமிழ்நாடு அரசும் 2025 ஏப்ரல் 8ல இருந்து ஒரு வருஷத்துக்குத் தடை போட்டுச்சு. அதுக்கு முன்னாடியே 2023 செப்டம்பர்ல நாமக்கல்ல ஷவர்மா சாப்பிட்ட 14 வயசுப் பொண்ணு இறந்தது ஞாபகம் இருக்கா? ஒரு வாரம் ரெய்டு, டிவி விவாதம். அப்புறம் மறந்துட்டோம்.

"சீனாக்காரன் சாப்பாடே அப்படித்தான்"னு கமெண்ட் போட வர்றவங்களுக்கு: தயவுசெஞ்சு வேண்டாம். அங்க பரிமாறின தம்பிகிட்ட ஊரு கேட்டேன், டார்ஜிலிங் பக்கம்னான். மோமோ அவனுக்கு வீட்டுச் சாப்பாடு. அவன் கையில மாவையும் கறியையும் குடுத்திருந்தா நம்மளை அசத்தியிருப்பான். முதலாளி குடுத்தது பாக்கெட்டு.

"டாக்டர், உங்களுக்குப் பணக்காரக் கடைன்னா பொறாமை"ன்னும் சிலர் வருவீங்க. 340 ரூபாய்க்கு விளக்கும் சோபாவும் குடுங்க, வேண்டாம்னு சொல்லல. அதோட வெந்த கறியும் குடுங்கன்னுதான் கேக்குறேன்.

அதனால, கூடையைத் திறந்ததும் ஆவி வரலைன்னா அங்கேயே திருப்பி அனுப்புங்க. ஒண்ணை நடுவுல பிச்சுப் பாருங்க. நிறத்தை மட்டும் நம்பாதீங்க, சூடு இருக்கான்னு பாருங்க. கர்ப்பிணிகள், சின்னப் புள்ளைங்க, வயசானவங்க இருந்தா சந்தேகமானதை வாயிலயே வைக்காதீங்க. சர்வீஸ் சார்ஜைத் தானா பில்லுல சேர்க்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022லயே சொல்லிடுச்சு, 2025 மார்ச்ல டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செஞ்சது. எடுக்கச் சொல்லுங்க.

வாந்தி பேதின்னு ஆஸ்பத்திரிக்கு வந்தா "ஊசி போடுங்க"ன்னு கேக்குறதுக்கு முன்னாடி எந்தக் கடையில, எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டீங்கன்னு சொல்லுங்க. பில்லைத் தூக்கிப் போடாதீங்க. 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல 65வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. கெட்டுப்போன சாப்பாட்டால உடம்பு பாதிச்சா 1 லட்சம் வரைக்கும், கடுமையான பாதிப்புன்னா 3 லட்சம் வரைக்கும், உயிர் போனா குறைஞ்சது 5 லட்சமும் இழப்பீடு தர வைக்கலாம். பில்லு இல்லாம எதை வச்சுக் கேப்பீங்க?

இன்னிக்கு ராத்திரி எனக்கு டியூட்டி. கேள்வி இருந்தா கீழே போடுங்க, காலைல பதில் சொல்றேன். "எந்தக் கடை சார்?"னு மட்டும் கேக்காதீங்க.