வாகனங்களை எண்ணுவோரும் மனிதரை மறப்போரும்

நகரமொன்றிலே சில நூறு குடும்பங்கள் வாழத்தக்க தொடர்மாடிக் கட்டடம் ஒன்றை எழுப்ப ஒரு கம்பனி முன்வருகிறது. அதனால் சூழவுள்ள வீதிகளுக்கு என்ன நேரும் என்று அதிகாரிகள் வினவுகின்றனர். விடையாக ஓர் அறிக்கை தயாராகிறது. போக்குவரத்துத் தாக்க மதிப்பீடு என்பது அதன் பெயர். காலையிலும் மாலையிலும் சந்திகளில் ஆட்களை நிறுத்தி வாகனங்களை எண்ணுகிறார்கள். வீடொன்று எத்தனை வாகனப் பயணங்களைப் பிறப்பிக்கும் என்பதை ஓர் அட்டவணையிலிருந்து எடுத்து, வீடுகளின் தொகையாற் பெருக்குகிறார்கள். வந்த தொகையை வீதிகளுக்குப் பங்கிட்டு, பள்ளிப் பிள்ளைக்குப் போடுவது போல ஒவ்வொரு சந்திக்கும் தரம் போடுகிறார்கள். ஈற்றிலே, சந்தியை அகலமாக்குக, சமிக்ஞை விளக்கு நாட்டுக, தரிப்பிடங்களைக் கூட்டுக என்ற விதப்புரைகள் வருகின்றன.

கணக்கு என்றதும் நம்மவரிற் பலர் வாயடைத்துப் போகின்றனர். “கலை கலைக்காகவே” என்ற கோஷத்தின் பின்னால் எந்த வர்க்கத்தின் நலன் ஒளிந்திருக்கிறது என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். “கணக்கு கணக்குக்காகவே” என்போரிடத்தும் அதே கேள்வியைக் கேட்க நாம் கடமைப்பட்டுள்ளோம். இம்மதிப்பீடு எதனை எண்ணுகிறது? எதனை எண்ணாது விடுகிறது?

இம்முறையின் பிறப்பிடம் ஐக்கிய அமெரிக்கா. வீதிகளின் கொள்ளளவு பற்றிய அந்நாட்டுக் கைந்நூல் 1950இல் வெளிவந்தது. அதன் 1965ஆம் ஆண்டுப் பதிப்பிலேதான் ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரையான ஆறு தரங்களும் அறிமுகமாயின. எந்தக் கட்டடம் எத்தனை பயணங்களைப் பிறப்பிக்கும் என்று கூறும் அட்டவணை நூலை அந்நாட்டுப் போக்குவரத்துப் பொறியியலாளர் நிறுவனம் 1976இல் முதன்முதலாக வெளியிட்டது. தனி வீடொன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 9.5 வாகனப் பயணங்களைப் பிறப்பிக்கும் என்பது அதன் கூற்று. கடைக்குச் செல்லவும் கார் வேண்டும், பள்ளிக்குச் செல்லவும் கார் வேண்டும் என்றவாறு அமைந்த அமெரிக்கப் புறநகரின் வாழ்க்கையே இந்த எண்ணின் உயிர். அங்கே ஒரு தாய் நடந்து சென்று மரக்கறி வாங்கி வந்தால், அது அட்டவணையில் ஏறாது.

எண்ணின் துல்லியத்தைக் கண்டும் நாம் ஏமாறலாகாது. சில உணவகங்களை மாத்திரம் அவதானித்துவிட்டு, துரித உணவகமொன்று ஆயிரம் சதுர அடிக்கு நாளொன்றுக்கு 632.125 பயணங்களைப் பிறப்பிக்கும் என்று அந்நூலின் பதிப்பொன்று எழுதிற்று. டொனால்ட் ஷூப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதனை எடுத்துக்காட்டி, தசமப் புள்ளியின் பின்னே அறியாமை ஒளிந்திருப்பதை அம்பலப்படுத்தினார்.

இனி, தரம் போடும் முறையைப் பார்ப்போம். சமிக்ஞைச் சந்தியில் ஒரு வாகனம் சராசரியாகப் பத்து வினாடிக்கு மேல் தாமதிக்காவிடின் அதற்கு ‘ஏ’ தரம். எண்பது வினாடியைத் தாண்டினால் ‘எஃப்’. தாமதம் வாகனத்துக்குரியதே அன்றி மனிதனுக்குரியதன்று என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். நூறு கார்களில் ஒன்றரைப் பேர் வீதம் 150 பேர் செல்கின்றனர் என்று கொள்வோம். ஐம்பது பேர் வீதம் ஏற்றிய மூன்று பஸ்களிலும் அதே 150 பேர்தான் செல்கின்றனர். நீதியான கணக்கில் இவ்விரு கூட்டத்தாரின் நேரமும் சமம். ஆனால் வாகனக் கணக்கில் நூற்றுக்கு எதிரே நிற்பது வெறும் மூன்று. போதாக்குறைக்கு, வீதியின் கொள்ளளவைக் கணிக்கும்போது பஸ் ஒன்று இரண்டு மூன்று கார்களுக்குச் சமமான இடையூறாகக் கொள்ளப்படுகிறது. அதன் உள்ளே வியர்த்து நிற்கும் ஐம்பது பேரும் அந்தக் கணக்கில் ஏறுவதில்லை.

இதன் விளைவு விபரீதமானது. நகரின் நடுவே, பஸ்ஸும் புகையிரதமும் கிட்டிய இடத்தில் வீடு கட்டினால், நெரிசலான சந்தியின் தரத்தை அது மேலும் தாழ்த்திவிடும். எனவே குற்றவாளி ஆகிறது. இருபது மைலுக்கு அப்பால் வெறும் வயலிலே கட்டினால், அங்கே சந்தி காலியாகக் கிடப்பதால் அது குற்றமற்றது ஆகிறது. அங்கு குடியேறுவோர் நாள்தோறும் நாற்பது மைல் அலைவது அறிக்கையின் எல்லைக்கு அப்பாற்பட்டது! கலிபோர்னியா மாநிலம் 1970இல் இயற்றிய சுற்றாடற் சட்டத்தின் பெயரால் இந்த அநீதி அங்கே பல ஆண்டுகள் நடந்தது. 2013இல் அம்மாநிலம் சட்டத்தைத் திருத்திற்று. வாகனங்களின் தாமதத்தைச் சுற்றாடற் பாதிப்பாகக் கொள்ளும் முறை கைவிடப்பட்டு, வாகனங்கள் ஓடும் மொத்தத் தூரத்தை அளக்கும் முறை 2020 ஜூலை முதல் மாநிலமெங்கும் நடைமுறைக்கு வந்தது. முதலாளித்துவத்தின் தாயகமே தன் அளவுகோல் கோணலென்று ஒப்புக்கொண்ட பின்னும், அதனை நாம் பூசையறையில் வைத்திருப்பது ஏன்?

எமது தலைநகருக்கு வருவோம். 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் மக்கள் வாழ்ந்த வீடுகள் இடித்து வீழ்த்தப்பட்டன. தொடர்ந்த ஆண்டுகளில் நகரின் உழைக்கும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வனாத்தமுல்லை, தெமட்டகொடை, மட்டக்குளி ஆகிய இடங்களின் அடுக்கு மாடிகளுக்குப் பெயர்க்கப்பட்டன. அவர்கள் விட்டு வந்த நகரின் மையப் பகுதியிலே ஆடம்பர மாடங்கள் எழுந்தன.

இவ்விரு கட்டடங்களையும் மேற்கூறிய அளவுகோலால் அளந்து பாருங்கள். ஆடம்பர மாடத்தின் கார்கள் ஒவ்வொன்றும் எண்ணப்படும். அவற்றுக்குத் தரிப்பிடமும் வழியும் வகுக்கப்படும். கோட்டையிலே மூட்டை சுமப்பவனும், பங்களாவிலே சமைத்துக் கொடுப்பவளும் முன்னர் நடந்து வேலைக்குப் போனார்கள். இப்பொழுது அவர்கள் பஸ் ஏற வேண்டும். சிலர் இரண்டு பஸ் மாற வேண்டும். கூலியில் ஒரு பங்கு பயணச் சீட்டாகிறது. பிள்ளையோடு இருக்கும் நேரத்தில் ஒரு பங்கு பஸ் தரிப்பில் கழிகிறது. அவர்களிடம் கார் இல்லை. ஆகவே அளவுகோலின் முன் அவர்களால் ஏற்படும் தாக்கம் ஏறத்தாழப் பூச்சியம்! தாக்கப்பட்டவர்களைக் காணாத ஒன்றுக்குத் ‘தாக்க மதிப்பீடு’ என்று பெயர்.

“அப்படியாயின் மதிப்பீடே வேண்டாமா? வீதிகள் அடைபட்டுக் கிடக்கட்டும் என்பதா?” என்று நண்பர் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. மதிப்பீடு வேண்டும். பொறியியலாளர் எமது பகைவரல்லர். அத்துறையின் பிற்காலக் கைந்நூல்கள் பாதசாரியையும் பஸ் பயணியையும் எண்ணும் வழிகளைக் கூறத் தொடங்கிவிட்டன என்பதையும் மறைக்க மாட்டோம். ஆயினும், கட்டுபவனே பணம் கொடுத்து எழுதுவிக்கும் அறிக்கையிலே, அவன் விரும்பாத கேள்வி எழுவது அரிது. மேலும், தம் தெருவில் ஏழைக்கு வீடு கட்டப்படுவதைப் பொறாத கனவான்கள் அதனை வெளிப்படையாகச் சொல்வதில்லை. “நெரிசல் கூடிவிடும்” என்றே சொல்வார்கள். வாகனக் கணக்கு அவர்களுக்குக் கேடயமாகிறது.

எமது கோரிக்கைகள் எளியவை. வாகனத்துக்குப் பதிலாக மனிதர் எண்ணப்பட வேண்டும். புதிதாக வருவோரின் பயணத்தோடு, அகற்றப்பட்டோரின் பயணமும் அளக்கப்பட வேண்டும். அறிக்கை சிங்களத்திலும் தமிழிலும், சாதாரண மக்களுக்கு விளங்கும் நடையில், அனுமதி வழங்குவதற்கு முன் வெளியிடப்பட வேண்டும். சந்தியை அகலமாக்கச் செலவிடும் பணத்தால் எத்தனை பஸ்கள் ஓடும் என்ற கேள்விக்கும் அதில் விடை இருக்க வேண்டும். பஸ் சேவை மக்களுக்குரியது என்ற கொள்கையோடு 1958இல் இலங்கைப் போக்குவரத்துச் சபையைத் தோற்றுவித்த நாடு இது. மாலபேயிலிருந்து கோட்டைக்கு அமையவிருந்த இலகு புகையிரதத் திட்டத்தை 2020இல் கைவிட்ட நாடும் இதுவே.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒன்று கூறுவோம். நாளைக் காலை ஏழு மணிக்கு உங்கள் ஊர்ச் சந்தியில் ஒரு கொப்பியோடு நில்லுங்கள். வாகனங்களை ஒரு பக்கத்திலும், அவற்றிலும் அவற்றுக்கு வெளியிலும் செல்லும் மனிதரை மறுபக்கத்திலும் குறித்துக் கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் போதும். பின்னர் இரண்டு பக்கங்களையும் கூட்டிப் பாருங்கள். வீதி யாருடையது, அது யாருக்காக அளக்கப்படுகிறது என்பது அந்தக் கொப்பியிலேயே தெரிந்துவிடும். அடுத்த கட்டடத்துக்கான அறிக்கை வரும்போது, அக்கொப்பியை எடுத்துக்கொண்டு நாம் எல்லோரும் அதிகாரிகளின் வாசலுக்குச் செல்வோம்.