கட்டடமும் அதன் ஆயுட்செலவும்

ஒரு கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டும் நாளில் பந்தலுண்டு, மாலையுண்டு, சொற்பொழிவும் உண்டு. அதன் கூரை ஒழுகும் நாளிலோ வாளியொன்றே உண்டு. சென்ற மழைக்காலத்து இரவொன்றில், விடுதியறையில் தொல்காப்பிய உரைநூலைப் போர்வைக்குள் மறைத்துக் காத்தபோது இவ்வுண்மையை நேரிற் கண்டேன். அவ்வறையைக் கட்டுவித்தவர் பெயர் வாயிற்கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளது. அதனைச் செப்பனிடுதற்குரிய பொருளோ எந்த ஏட்டிலும் குறிக்கப்படவில்லை.

நாம் மதிப்பீடு என வழங்குவது, பெரும்பாலும் கட்டி முடிக்கும் வரையுள்ள செலவையே. ஆயின், கட்டி முடித்த அன்றே கட்டடத்தின் செலவு தொடங்குகின்றது. மின்சாரம், நீர், துப்புரவு, வண்ணப்பூச்சு, பழுதுபார்த்தல், தேய்ந்த உறுப்புக்களை மாற்றுதல், இறுதியில் இடித்தகற்றுதல் ஆகிய அனைத்தையும் முதற்செலவோடு கூட்டிக் காண்பதே ஆயுட்செலவு எனப்படும். இதனைக் கணக்கிடும் முறையை, ஐ.எஸ்.ஓ. என்னும் உலகத் தர நிறுவனம் 15686 என்னும் எண்ணுடைய தரவரிசையின் ஐந்தாம் பகுதியாக 2008-ஆம் ஆண்டில் வெளியிட்டு, 2017-இல் திருத்தியும் உள்ளது.

பாரிஸ் மாநகரத்துப் பொம்பிடு மாளிகையை ஈண்டு எடுத்துக்காட்டாகக் கொள்வோம். உள்ளிடம் தடையின்றி விரிந்திருத்தல் வேண்டுமென்று, நீர்க்குழாய், காற்றுக்குழாய் முதலியவற்றைச் சுவருக்குப் புறத்தே அமைத்து, 1977-இல் அதனைத் திறந்தனர். வெயிலும் மழையும் அவ்வுறுப்புக்களை நேரே தாக்கின. இருபதாண்டுகளுக்குள் பெருஞ்செப்பம் இன்றியமையாததாயிற்று. 1997-இல் மூடி 2000-இல் மீண்டும் திறந்தனர். 2025-இல் அது திரும்பவும் மூடப்பட்டது. 2030-இல் திறப்பதாகத் திட்டம். அம்மாளிகையின் அழகை யான் பழிக்கவில்லை. ஒரு முறை விலைகொடுத்து வாங்கிவிட்டோம் என்று கட்டடத்தைக் கருதலாகாது. தலைமுறைதோறும் அதனை மீண்டும் வாங்க நேரிடும் என்பதே யான் கூறவந்தது.

முதலிற் செய்யும் சிறு சிக்கனம் பின்னர்ப் பெருஞ்செலவாதலும் உண்டு. காங்கிரீட்டினுள் பதிந்த இரும்புக் கம்பி துருவேறின் பருத்து, மேற்பூச்சைப் பிளந்து விழச்செய்யும். ஆதலால், கடுமையற்ற சூழலில் 20 மில்லிமீட்டரும், கடற்காற்றுப் படும் கடுஞ்சூழலில் 45 மில்லிமீட்டரும் கம்பியின்மேல் காங்கிரீட்டு மூடியிருத்தல் வேண்டுமென, 2000-ஆம் ஆண்டின் இந்தியத் தரவிதி 456 வரையறுக்கின்றது. அந்த 25 மில்லிமீட்டரைக் கட்டும்பொழுது இடுதல் எளிது. துருவேறிய பின்னர்க் கூரையைப் பெயர்த்துச் செப்பனிடுதல் அரிது. குறைந்த தொகை கேட்போர்க்கே வேலையை அளிக்கும் வழக்கம் இவ்வேறுபாட்டைக் காண்பதில்லை.

'நாளைய செலவை இன்று யாவர் அறிவர்? இன்றைக்கே பொருள் போதவில்லையே' என்பார் உளர். தொகையைத் துல்லியமாக அறிதல் இயலாதுதான். ஆயின் செலவு வருமென்பது திண்ணம். ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறு வட்டி கிடைப்பின், இன்று ஒதுக்கும் ரூபாய் 17,400 முப்பதாண்டுகளில் ஏறத்தாழ ஓரிலக்கமாகும். விலைவாசி ஏறின் அது போதாமற் போகலாம். எனினும் ஒன்றுமில்லாமையினும் அது நன்றன்றோ? நிதி ஒதுக்காமையாற் செலவு மறைந்துவிடுவதில்லை. அது மாணாக்கர் கட்டணத்தின்மேல் ஏறுகின்றது. கடன்பட்டுப் பயிலும் ஏழை மாணவனே அதனை முதலில் உணர்கின்றான். திருக்குறளின் தெரிந்துசெயல்வகை என்னும் அதிகாரம், ஒரு வினையின் இழப்பையும் ஆக்கத்தையும் பின்வரும் பயனையும் ஒருங்கே எண்ணுக என்றே தொடங்குகின்றது. அடிக்கல் நாட்டுவார்க்கு இதனினும் ஏற்ற அறிவுரை வேறில்லை.

ஆதலின், நம் கல்லூரிப் பெரியோர்க்கும் பழைய மாணவர்க்கும் மூன்று விண்ணப்பங்கள் செய்கின்றேன். புதுக் கட்டடத்திற்கு நன்கொடை திரட்டும்போதே அதில் ஒரு பங்கைப் பேணுநிதியாக ஒதுக்குக. ஒப்பந்தம் அளிக்குமுன் முப்பதாண்டுச் செலவையும் ஒப்பிட்டு நோக்குக. ஒவ்வொரு கட்டடத்திற்கும் ஒரு கணக்கேடு வைத்து, அதற்குச் செய்த செலவை ஆண்டுதோறும் எழுதுக.

அடிக்கல் நாட்டியவர் பெயரை நாம் மறவோம். அவ்வாறே, கூரையைச் செப்பனிடப் பொருள் ஈந்தவர் பெயரையும் ஒரு கல்லிற் பொறிப்போமாக. மழை பெய்யும் இரவில் நூலோடு விழித்திருக்கும் மாணவன் அவரையே முதற்கண் வாழ்த்துவான்.