அபராதச் சீட்டு எட்டாத பாலம்

பாம்பன் சாலைப் பாலத்தில் வாகனத்தை நிறுத்தக் கூடாது. ஆனாலும் விடுமுறை நாள்களில் பாலத்தின் இரு ஓரங்களிலும் கார்களும் வேன்களும் வரிசைகட்டி நிற்கின்றன. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய ரயில் பாலம் திறக்கப்பட்ட பிறகு, நிற்பதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துவிட்டது. கப்பலுக்கு வழிவிட அப்படியே மேலே எழும் 72.5 மீட்டர் தூக்குப் பகுதியைப் பார்க்காமல் போக யாருக்கும் மனம் வருவதில்லை. பத்து நிமிடம் நிற்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், எதையாவது வாங்கித் தின்கிறார்கள். தின்ற தட்டும் குடித்த பாட்டிலும் கைப்பிடிச் சுவரோரம் தங்கிவிடுகின்றன. மிச்ச வேலையைக் காற்று செய்கிறது: கச்சான் வீசும் மாதங்களில் வடகடலுக்குள், வாடை வீசும் மாதங்களில் தென்கடலுக்குள்.

அந்த வேனில் வந்தவர்களுக்கு அபராதம் போடுவது யார்? பாலம் தேசிய நெடுஞ்சாலையின் பகுதி. கீழே கால்வாய், தமிழ்நாடு கடல்சார் வாரியத்தின் பொறுப்பு. பக்கத்துப் பாலம் தென்னக ரயில்வேயினுடையது. தெற்கே தெரியும் குருசடைத் தீவு, வனத்துறை காக்கும் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் இருக்கிறது. மேற்குக் கரையில் மண்டபம் பேரூராட்சி. பாலம் இறங்கும் இடத்தில் பாம்பன் ஊராட்சி. அதை அடுத்துத் தங்கச்சிமடம். அப்புறம் ராமேஸ்வரம் நகராட்சி. இத்தனை எல்லைகளில் ஒன்றுக்குள் குப்பை விழுகிறது. போட்டவர் அதற்குள் மூன்று எல்லை தாண்டியிருப்பார். ஊராட்சியின் தூய்மைக் காவலர் கையில் ரசீதுப் புத்தகத்தைக் கொடுத்து நெடுஞ்சாலைப் பாலத்தில் நிறுத்துவதைத் தீர்வு என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

விதிகளுக்குப் பஞ்சமில்லை. 2016 ஏப்ரலில் வந்த மத்திய அரசின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், பொது இடத்தில் குப்பை போடுபவருக்கு அந்த இடத்திலேயே அபராதம் விதிக்கத் துணைவிதி இயற்றும்படி உள்ளாட்சிகளுக்குச் சொல்லின. 2018 ஜூன் 25 தேதியிட்ட அரசாணை எண் 84-இன்படி, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டன. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் தொடங்கியது. 2022 ஜூலை 1 முதல் மத்திய அரசின் தடையும் சேர்ந்துகொண்டது. இவற்றையெல்லாம் நம் வாசகர்கள் மனப்பாடமாகவே சொல்வார்கள். 2016 விதிகளில் நாம் அதிகம் புரட்டாத பக்கங்களும் உண்டு. ரயில்வே பகுதிகள், துறைமுகங்கள், மாநில அரசு அறிவிக்கும் யாத்திரைத் தலங்கள் ஆகியவற்றுக்கும் அந்த விதிகள் பொருந்தும் என்று எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு தெருவோர வியாபாரியும் தன் வியாபாரத்தில் சேரும் குப்பைக்குத் தானே கூடை வைத்து, உள்ளாட்சி சொல்லும் இடத்தில் சேர்க்க வேண்டும் என்றும் இருந்தது. நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை உரிமம் பெறாத இடத்தில் நடத்துபவர் மூன்று வேலை நாளுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவித்து, குப்பையைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்றும் இருந்தது. பாம்பனுக்கு வேண்டியவை இந்தப் பிரிவுகள்தாம். எறிபவரை விரட்டும் பிரிவைவிட, எறியப்படப்போகும் பொருளை விற்பவரையும் கூட்டத்தை அழைத்து வருபவரையும் பொறுப்பாக்கும் பிரிவுகளில்தான் இந்தத் தீவுக்கு விடை இருக்கிறது.

அபராதம் என்றதும் எல்லோரும் சிங்கப்பூரை இழுக்கிறார்கள். 1968 அக்டோபரில் அங்கே தூய்மை இயக்கம் தொடங்கியது, அபராதமும் கடுமையாக இருந்தது, எல்லாம் உண்மை. அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. தெருவில் விற்றுக்கொண்டிருந்த உணவு வியாபாரிகளைத் தண்ணீர்க் குழாயும் கழிவுநீர் இணைப்பும் உள்ள அங்காடிகளுக்கு மாற்றத் தொடங்கினார்கள். அதை முடிக்க 1980களின் நடுப்பகுதி வரை ஆயிற்று. பதினைந்து வருடத்துக்கும் மேலான கட்டுமான வேலை அது. நாம் அந்த வேலையை விட்டுவிட்டு ரசீதுப் புத்தகத்தை மட்டும் அங்கிருந்து எடுத்து வந்தோம். மாங்காய்க் கீற்று விற்கும் பெண்ணுக்குப் பாலத்தின் இரு முனையிலும் நிழலும் தண்ணீரும் கூடை வைக்க இடமும் கொடுத்தால், பாலத்தின் நடுவில் நின்று விற்க வேண்டிய தேவை அவருக்கு இருக்காது. வாங்குபவரும் அங்கேயே தின்று அங்கேயே போட்டுவிட்டுப் போவார். விற்பவரை விரட்டிவிட்டுப் பாலத்தைச் சுத்தமாக்கலாம் என்று நினைக்கும் அதிகாரிகள் இருக்கிறார்கள். அந்த நினைப்போடு நமக்கு உடன்பாடில்லை.

வழி நம் மாநிலத்திலேயே இருக்கிறது. நீலகிரியில் உடைந்த மதுபாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிப்பதைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் கேள்வி எழுப்பியது. அதையடுத்து 2022-இல் டாஸ்மாக் கடைகள் ஒவ்வொரு பாட்டிலுக்கும் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் தரத் தொடங்கின. பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. குடித்தவர் கொண்டுவராவிட்டால், பொறுக்கியவர் கொண்டுவந்தார். இந்த ஏற்பாடு பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் போயிற்று. திருமலையிலும் கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் விற்று, காலிப் பாட்டிலைத் திருப்பினால் முன்பணத்தைக் கொடுக்கிறார்கள். இங்கெல்லாம் யாரும் யாரையும் பிடிக்க வேண்டியதில்லை. குப்பைக்கு ஒரு விலை இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த ஏற்பாட்டுக்குப் பாம்பனைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. சாலை வழியாகத் தீவுக்குள் வரும் ஒவ்வொரு பாட்டிலும் 1988-இல் திறந்த அந்த இரண்டேகால் கிலோமீட்டர் பாலத்தைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும். ரயிலில் வருவது இறங்கும் நிலையங்கள் தெரிந்தவை. மலை மாவட்டங்கள் பல சோதனைச் சாவடிகளில் செய்யும் வேலைக்கு இங்கே ஒரே வாசல்தான். தீவுக்குள் விற்கும் தண்ணீர், குளிர்பான பாட்டில்களுக்கு முன்பணம். திருப்பிக் கொடுக்க ராமேஸ்வரம் பேருந்து நிலையம், ரயில் நிலையம், பாலத்தின் இரு முனைகள், அரிச்சல்முனைக்குப் போகும் வழி ஆகிய இடங்களில் சிறு கூடங்கள். அவற்றை நடத்த மகளிர் சுய உதவிக் குழுக்கள். மதுரையில் வாங்கிய பாட்டிலோடு வருபவருக்கு என்ன செய்வது என்ற கேள்வி உடனே எழும். சுற்றுலா வாகனங்களிடம் கட்டணம் வாங்கும் இடத்தில் அதற்கும் ஒரு ஒட்டுவில்லை கொடுக்கலாம். அது நெரிசலைக் கூட்டும் என்றால், முதல் வருடம் உள்ளே விற்பதற்கு மட்டும் போதும்.

தண்ணீர் தராமல் பாட்டிலைத் தடுப்பது பாவம். காவிரிக் கூட்டுக் குடிநீர் கடலைத் தாண்டித் தீவுக்கு வருகிறது. அதில் யாத்திரிகர் தன் பாட்டிலை நிரப்பிக்கொள்ளக் கூடிய குழாய்கள் எத்தனை, அவற்றில் இன்று தண்ணீர் வருகிறதா என்பதை உள்ளாட்சிப் பொறியாளர்கள் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். குழாய் பழுதான அன்றே தடையும் செத்துவிடும்.

தொட்டி வைப்பது பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் தவறுகளில் அதுதான் முதலிடம். மணிக்கு 58 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்திவந்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் திறந்த தொட்டி என்பது குப்பையைச் சேர்த்து வைத்து ஒரே மூச்சில் கடலுக்கு அனுப்பும் பாத்திரம். உப்புக்காற்றில் தகரத் தொட்டியின் அடி சீக்கிரமே உதிர்ந்துபோகிறது. ஓட்டை வழியாகக் குப்பை மண்ணில் கலக்கிறது. இங்கே வேண்டியது தரையில் பதித்த சிமெண்ட் அடித்தளம், தானே மூடிக்கொள்ளும் கனத்த மூடி, ஆடும் காகமும் உள்ளே போக முடியாத குறுகிய வாய், வழிவதற்கு முன் காலியாக்கும் நேர அட்டவணை. பாலத்தின் மேல் தொட்டியே வேண்டாம். தொட்டி இருக்கும் இடத்தில் வண்டியும் நிற்கும். சேர்த்த குப்பையைத் தீவிலேயே கொட்டி மூடவும் கூடாது. இது மணல் பூமி. மழைநீர் இறங்கித் தங்கும் மெல்லிய நன்னீர் அடுக்குதான் இங்குள்ள கிணறுகளுக்கு ஆதாரம். பாலம் தாண்டி வந்தது பாலம் தாண்டியே திரும்ப வேண்டும். அதற்கான வண்டிச் செலவு திட்ட மதிப்பீட்டில் முதல் வரியில் இருக்க வேண்டும்.

அக்னி தீர்த்தத்தின் சிக்கல் வேறு வகை. திதி கொடுத்து, நீராடிவிட்டு, உடுத்திய துணியைக் கடலிலேயே விட்டுவிடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் கூட்டம் கலைந்த பிறகு, அலையில் சுருண்டு மணலில் புதைந்த சேலையையும் வேட்டியையும் தூய்மைப் பணியாளர்கள் இழுத்து எடுப்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நனைந்த துணியின் கனம் அதைத் தூக்கியவருக்குத்தான் தெரியும். இழவுத் துயரத்தோடு வந்தவரிடம் அபராதச் சீட்டை நீட்டுவது மனிதத்தன்மையும் இல்லை, பலனும் தராது. பம்பை ஆற்றில் துணி விடுவதற்கு எதிராகக் கேரள உயர் நீதிமன்றம் கடுமையான ஆணை போட்டது. அதோடு, 2011-இல் தொடங்கிய புண்யம் பூங்காவனம் திட்டம் பக்தர்களையே சபரிமலையைச் சுத்தம் செய்யும் பணியில் இறக்கியது. ஆணையால் மட்டும் ஆகாத வேலை அங்கே வழிபாட்டின் பகுதியாக மாறியது. ராமேஸ்வரத்தில் அந்த மாற்றத்தைச் செய்யக் கூடியவர்கள் கரையில் அமர்ந்து சடங்கு செய்துவைக்கும் புரோகிதர்கள். “துணியை இந்தக் கூடையில் வையுங்கள்” என்று அவர்கள் சொல்லும் ஒரு வாக்கியம், நகராட்சி வைக்கும் பத்துப் பலகைகளை விட வலியது. அவர்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறோமா?

விதியை யார் இயற்றினால் நிற்கும் என்பதற்கு வெளியூர்ச் சான்று தேட வேண்டியதில்லை. பாம்பனை ஒட்டிய சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். முகத்தில் கண்ணாடி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடலில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுப்பவர்கள். தீவுகளைச் சுற்றிய கடல் 1986-இல் தேசியப் பூங்காவான பிறகு இவர்கள் தங்கள் கடலிலேயே விரட்டப்பட்டார்கள். அந்த நிலையிலிருந்து அவர்களே கூடி முடிவெடுத்தார்கள்: மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவியைத் தொடுவதில்லை, மீன்பிடித் தடைக்காலத்தில் கடலை ஓயவிடுவது. அந்தப் பெண்களை வழிநடத்திய லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி பரிசு கிடைத்தது. இந்த விதிகளுக்குக் காவலராக எந்த அதிகாரியும் அமர்த்தப்படவில்லை. ஒருத்தி மீறினால் பக்கத்தில் மூழ்குபவளுக்குத் தெரியும். பிழைப்பு எல்லோருக்கும் ஒரே பாறையில் இருக்கிறது. கடலடியில் எது எங்கே தங்குகிறது என்பதை இவர்களைப்போல அறிந்தவர் நம் துறையில் யாரும் இல்லை. தீவின் தூய்மைத் திட்டம் எழுதப்படும் மேசையில் இதுவரை இவர்களுக்கு நாற்காலி போடப்படாதது நம் எல்லோரின் குறை.

அவர்களிடம் கேட்டால் பாட்டிலுக்கு முன்னால் வலையைச் சொல்வார்கள். தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகளில் மூழ்கிப் பார்த்தபோதும், பாறையை அதிகம் வருத்துவது அறுந்தும் கைவிடப்பட்டும் கிடக்கும் மீன்பிடி வலைகள்தாம் என்று கண்டார்கள். பவளத்தின் மேல் போர்த்திக் கிடக்கும் நைலான் வலை வெளிச்சத்தை மறைக்கிறது, கிளையை முறிக்கிறது, ஆமையைச் சிக்கவைக்கிறது. கிழிந்த வலையைப் படகில் வைத்துக் கரைக்குக் கொண்டுவந்தால் மீனவருக்கு இடம்தான் போகிறது, எதுவும் கிடைப்பதில்லை. பாட்டிலுக்குச் சொன்னதே இதற்கும்: எடைக்கு விலை.

அதைத் தொடங்க ஆண்டில் ஒரு காலம் தானாகவே அமைந்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். படகு பழுது பார்ப்பதும் வலை மாற்றுவதும் அப்போதுதான். பாம்பன் தெற்குவாடியிலும் ராமேஸ்வரம், மண்டபம் துறைகளிலும் அந்த 61 நாளும் பழைய வலை, கயிறு, தெர்மக்கோல் பெட்டி, பெயிண்ட் டப்பா ஆகியவற்றை எடைபோட்டு வாங்கும் கூடம் ஒன்று திறந்திருக்க வேண்டும். மீன்வளத் துறை இடம் தரட்டும், மீனவர் சங்கங்கள் ஆள் தரட்டும், ஊராட்சியும் நகராட்சியும் லாரி தரட்டும். தராசு, விலைப்பட்டியல், மறுசுழற்சி ஆலையோடு ஒப்பந்தம் மூன்றும் பங்குனி முடிவதற்குள் தயாராக வேண்டும். சித்திரை பிறந்ததும் படகுகள் கரையேறிவிடும்.