சித்திரம் வரையும் யந்திரமும் சங்கத்தின் பழைய அட்டைகளும்

சேலையின் கரைக்கும் தலைப்புக்கும் வேண்டிய சித்திரங்களைச் செயற்கை நுண்ணறிவு என்னும் கணினி முறை இன்று சில நொடிகளில் வரைந்து தருகின்றது. இனித் தறிக்கு வேலை இராதோ என அங்கத்தினர் சிலர் நம்மிடம் வினவுகின்றனர். அச்சம் நியாயமானதே, ஆயினும் அது இடம் மாறி நிற்கின்றது என்பது நமது கருத்து.

கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு ஊடையால் நெய்யப்பட்டு இழைக்கு இழை பிணைக்கப்படுகின்றன. அதற்கு மூன்று நாடாக்களும் இருவர் கைகளும் வேண்டும். வேலைப்பாட்டைப் பொறுத்துப் பத்து நாளோ இருபது நாளோ செல்லும். சித்திரம் ஒரு வாரத்திற்குப் பதில் ஒரு மணி நேரத்தில் கிடைத்தாலும் தறியில் ஒரு நாளும் குறையாது. சேலை பெருகாதபோது பட்டின் தேவையும் பெருகாது என்பதை மல்பெரி பயிரிடும் அங்கத்தினரும் கவனிக்க வேண்டும்.

உண்மையில் ஆபத்து யாருக்கு? கட்டத்தாளில் சித்திரம் போடுபவருக்கு. ஆனால் யந்திரம் தரும் மயிலோ வண்ணச் சாயல்களால் ஆனது. தறியோ பாவிழை எழுந்தது, எழவில்லை என்னும் இரண்டையே அறியும். கொக்கிகளின் எண்ணிக்கைக்குப் படம் அடங்க வேண்டும். ஜரிகை நெடுந்தூரம் கட்டின்றி ஓடினால் உடுத்துபவரின் மோதிரத்தில் சிக்கும். இவற்றை அறிந்தவர் திருத்தாமல் அப்படம் சேலையாகாது. யந்திரம் வந்துவிட்டதெனக் காரணம் காட்டி அவரது கூலியைக் குறைப்பதை நாம் ஏற்பதற்கில்லை.

2023இல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வாடிக்கையாளரின் ஐயங்களைத் தீர்க்கும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஊழியரிடையே இத்தகைய யந்திரத்தின் துணையால் உற்பத்தித் திறன் சராசரி 14 சதவீதம் உயர்ந்தது. புதியவர்க்கு 34 சதவீதம். தேர்ந்தவர்க்கோ பயன் மிகச் சொற்பம். யந்திரம் புதியவர்க்குக் கற்பித்ததெல்லாம் தேர்ந்தவர்களின் உரையாடல்களிலிருந்து தான் கற்றதே. எவருடைய திறமை எவருக்கு வருவாயாயிற்று என்பதே இங்குக் கேட்கற்பாலது.

இக்கேள்வி காஞ்சிக்கும் பொருந்தும். 2005-06இல் பதிவான புவிசார் குறியீடு 'காஞ்சிபுரம் பட்டு' என்னும் பெயரைக் காக்கின்றது. ஒவ்வொரு யாளியையும் அன்னத்தையும் அது காவாது. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் இருந்தும் விசைத்தறிப் போலிகள் கடைகளில் கிடைக்கின்றன. பரம்பரைச் சித்திரங்களைப் படமெடுத்து வெளியாரின் யந்திரத்துக்கு ஊட்டிவிட்டால், போலி செய்வோர்க்கு நகலெடுக்கும் சிரமமும் மிச்சமாகும்!

ஆகவே யந்திரத்தை அடியோடு மறுக்கச் சொல்கிறோமா? இல்லை. 1804இல் லியோன் நகரத்தில் ஜக்கார்டு அமைத்த யந்திரத்தை அந்நகர நெசவாளர் எதிர்த்தனர். அதுவே இன்று நமது தறிகளின் தலைமேல் அமர்ந்திருக்கின்றது. சங்கமே தனது கணினியில், தனது கட்டுப்பாட்டில் இதனைக் கையாளட்டும்.

அதற்குமுன் செய்ய வேண்டிய காரியம் ஒன்றுண்டு. சில சங்கங்களின் இருப்புப் பதிவேட்டில் பழைய கட்டத்தாள்களும் துளையட்டைக் கட்டுகளும் கழிவுக் காகிதமாகவே குறிக்கப்பட்டுள்ளன. அவற்றை எண்ணிட்டு, வரைந்தவர் பெயருடன் தனிப்பதிவேட்டில் ஏற்ற வேண்டும். மகாசபையின் தீர்மானமின்றி ஒரு தாளும் வெளியே செல்லலாகாது. அடுத்த மகாசபையின் நிகழ்ச்சி நிரலில் இதனைச் சேர்க்குமாறு நிர்வாகக் குழுவினரை அங்கத்தினர் இப்போதே எழுத்து மூலம் கோரலாம்.