பசும்பாலுக்கு டேங்கர், தாய்ப்பாலுக்கு?

தாய்ப்பாலை விற்கக் கூடாது என்று 2024 மே 24-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சுற்றறிக்கை விட்டது. சில நாட்களிலேயே சென்னை மாதவரத்தில், புரதப் பவுடர் விற்க உரிமம் வாங்கிய கடையில் தாய்ப்பால் பாட்டில்கள் பிடிபட்டன. கடைக்குச் சீல், டி.வி.யில் படம், அதோடு சரி. அந்தப் பாட்டிலைத் தேடி ஒரு குடும்பம் ஏன் அலைகிறது என்று யாரும் கேட்கவில்லை.

கர்ப்பம் 34 வாரம் நிறையும் முன் பிறந்த குழந்தைக்கு உறிஞ்சுவதும் விழுங்குவதும் மூச்சுவிடுவதும் ஒருசேரக் கூடிவராது. குழாய் வழியாக மில்லி மில்லியாக ஏற்றுவார்கள், அப்புறம் பாலாடை. (நம் பாட்டிமார் பாலாடைதான். இன்று ஆங்கில மருத்துவ ஏடுகளிலும் அதே பெயரோடு உட்கார்ந்திருக்கிறது.) ஆனால் எதில் ஊட்டுகிறோம் என்பதைவிட எதை ஊட்டுகிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது. பவுடர் பால் மட்டுமே குடித்த குறைமாதக் குழந்தைகளுக்குக் குடல் அழுகல் நோய், தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிட 6 முதல் 10 மடங்கு அதிகம் வந்ததை 1990-லேயே பிரிட்டன் ஆய்வு காட்டிவிட்டது. முதலில் தாயின் பால், அது இல்லையென்றால் தானப் பால் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இதைக் காஞ்சிபுரம் மாவட்டத்துப் பெருநகர் என்ற ஊரிலிருந்து பாருங்கள். நாளுக்கு முன்பே வலி எடுத்தால் காஞ்சிபுரம். பிள்ளை ஒரு கிலோதான் என்றால் 108-ல் அதைவிடப் பெரிய ஆஸ்பத்திரி. சிசேரியன் தையலோடு தாய் இங்கே, பிள்ளை அங்கே. கட்டிக்கொண்ட பாலைத் தாய் துணியில் பிழிந்து கொட்டுகிறாள். அப்பன் டின் வாங்க ஓடுகிறான்.

அதே வட்டாரத்தில் விடியற்காலை பசும்பாலுக்கு நடக்கும் உபசாரத்தைப் பாருங்கள்! சொசைட்டியில் வரிசை, அளவை, கொழுப்புப் பரிசோதனை, குளிரூட்டி, டேங்கர். ஒரு லிட்டர் வீணாவதில்லை. தாய்ப்பாலுக்கு இவ்வளவுகூட வேண்டாம். கொடுப்பவருக்கு ரத்தப் பரிசோதனை, 62.5 டிகிரியில் 30 நிமிடச் சூடு, மைனஸ் 20 டிகிரியில் உறைவு. பிரேசிலில் 200-க்கும் மேல் தாய்ப்பால் வங்கிகள். அதன் தலைநகரில் தீயணைப்பு வீரர்களே வீடு தேடிப் போய் ஜாடிகளை வாங்கி வருகிறார்கள். நாமோ 2020-ல் மட்டும் 30 லட்சம் குறைமாதக் குழந்தைகள் பிறந்த நாடு. பல ஆண்டுகளுக்கு முன்பே அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கி திறந்த தமிழகம், இன்னும் பெரிய ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டவில்லை.

காசு கொடுத்தால்தான் பால் வரும் என்கிறார்கள் சந்தைப் பண்டிதர்கள். காசு வந்தால் தண்ணீரும் வரும், பசும்பாலில் பார்க்காததா? கிராமத்துப் பெண்கள் தரமாட்டார்கள் என்கிற அதிகாரிகளோ எந்தத் தெருவில் போய்க் கேட்டார்கள்? பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுதால் எடுத்து மடியில் போட்டுக்கொண்ட ஊர்கள் இவை.

புதன்கிழமைதோறும் தடுப்பூசியோடு ஐஸ் பெட்டி ஊருக்குள் வருகிறது. கூடவே இன்னொரு பெட்டி காலியாக வரட்டும், நிறைந்து திரும்பட்டும். உத்திரமேரூர் அரசு மருத்துவமனையில் ஓர் உறைபெட்டி வையுங்கள். ஒரே வருடத்தில் இந்த மாவட்டத்துப் பச்சிளங்குழந்தை வார்டுகளில் பவுடர் டின் இருக்காது.