நாற்காலி கொடுத்தால் போதுமா? கணக்கும் சொல்லிக் கொடுங்கள்!

"தப்புப் பண்ணினது யாரோ சார்! பணம் பிடிக்கிறது என்கிட்டே!"

தேனாம்பேட்டை பஸ் நிறுத்தத்தில் ஒரு பெரியவர் இப்படிப் புலம்பினார். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் பென்ஷன் காகிதங்கள்.

அவர் ஒரு அரசு ஆபீசில் 34 வருடம் பியூனாக இருந்தவர். ரிட்டையர் ஆக நாலு மாதம் இருக்கும்போது சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டினார்கள். 18 வருடத்துக்கு முன்னால் ஒரு இன்கிரிமெண்டு கூடுதலாக விழுந்திருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். பென்ஷன் பேப்பர் அப்படியே நின்றுவிட்டது!

ஒரு இன்கிரிமெண்டுதானே என்று நினைக்காதீர்கள். சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 300 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொண்டால், 18 வருடத்துக்கு ரூ.64,800. இதில் அகவிலைப்படியைச் சேர்க்கவே இல்லை!

பெரியவர் கேட்டு வாங்கினாரா? இல்லை. பில் போட்ட குமாஸ்தா பணத்தைச் சுருட்டினாரா? அதுவும் இல்லை. அவருக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான்!

பழைய பில்தான் பாடப் புத்தகம்!

அரசு ஆபீசில் புதிதாகச் சேரும் பையனுக்கு என்ன நடக்கிறது? முதல் நாள் கையெழுத்துப் போடுகிறான். "அந்த சீட்டில் உட்கார் தம்பி" என்கிறார் சூப்பிரண்டு. முன்பு அந்த சீட்டில் இருந்தவர் மாற்றலாகிப் போய்விட்டார்.

"எப்படி சார் பில் போடுறது?"

"போன மாச பில்லை எடுத்துப் பாரு. அதே மாதிரி போடு!"

பயிற்சி முடிந்தது!

போன மாதப் பில்லில் தப்பு இருந்தால்? இந்த மாதமும் அதே தப்பு. 18 வருடமும் அதே தப்பு!

பயிற்சியே இல்லை என்று நான் சொல்லவில்லை. பவானிசாகரில் பயிற்சி நிலையம் இருக்கிறது. ஆனால் அங்கே கூப்பிடுவது வேலையில் சேர்ந்த பிறகுதான். கூப்பிடுகிற வரைக்கும் சீட்டு சும்மா இருக்குமா? சம்பளப் பில் காத்திருக்குமா?

தேர்வாணையம் நடத்தும் துறைத் தேர்வில் கணக்குத் தேர்வு இருக்கிறது. புத்தகத்தைப் பார்த்தே எழுதும் தாளும் அதில் உண்டு. விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க அது உதவும். ஆனால் எதிரே ஒரு ஆள் சர்வீஸ் புத்தகத்தோடு வந்து நின்றால் எந்த விதி பொருந்தும் என்று யார் சொல்லித் தருவது?

மத்திய தணிக்கைத் துறையைப் பாருங்கள். அதன் அதிகாரிகளுக்காக சிம்லாவில் 1950-லிருந்து பயிற்சிக் கழகம் நடக்கிறது. தப்பைப் பிடிக்கிறவருக்கு சிம்லாவில் பாடம். பில் போடுகிறவருக்குப் போன மாத பில்! இது என்ன நியாயம்?

கடைக்காரருக்கும் அடி!

"இது அரசு ஊழியர் பாடு, எனக்கென்ன?" என்று கடைக்காரர்கள் நினைக்க வேண்டாம்.

2018 அக்டோபர் 1 முதல், வரி நீங்கலாக இரண்டரை லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட ஒப்பந்தத்தில் சரக்கு சப்ளை செய்தால், அரசு ஆபீஸ் ஜி.எஸ்.டி.க்காக 2 சதவீதம் பிடித்துக்கொள்கிறது. 3 லட்ச ரூபாய்க்கு மேஜை நாற்காலி சப்ளை செய்தவருக்கு ரூ.6,000 பிடிப்பு. அடுத்த மாதம் 10-ந் தேதிக்குள் ஆபீஸ் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அப்போதுதான் அந்தப் பணம் வியாபாரியின் கணக்கில் ஏறும்.

குமாஸ்தா ஜி.எஸ்.டி. நம்பரில் ஒரு எழுத்தை மாற்றிப் போட்டால்? பணம் ஏறாது. வியாபாரி கடையைப் பூட்டிவிட்டு ஆபீஸ் படி ஏறி இறங்க வேண்டியதுதான்!

விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியம் வந்தது. 2017-ல் புதுச் சம்பள விகிதம் வந்தது; அதைக் கணக்கிடுவது 2016 ஜனவரி 1 முதல், பணம் கைக்கு வந்ததோ 2017 அக்டோபர் 1 முதல்! பிறகு பில் எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போனது. எந்தப் பொத்தானை அமுக்குவது என்று காட்டுவது கம்ப்யூட்டர் பயிற்சி. அது கணக்குப் பயிற்சி ஆகுமா? தப்பான தொகையைக் கொடுத்தால் கம்ப்யூட்டரும் அதைத்தான் கூட்டித் தரும்!

கோர்ட்டு சொன்னது

2014 டிசம்பரில் பஞ்சாப் அரசு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு கொடுத்தது. கடைநிலை ஊழியர்கள், ரிட்டையர் ஆனவர்கள், ஒரு வருடத்துக்குள் ரிட்டையர் ஆகப்போகிறவர்கள் ஆகியோரிடம் தவறுதலாகக் கொடுத்த கூடுதல் பணத்தைப் பிடிக்கக் கூடாது என்றது. 2016-ல் இன்னொரு வழக்கு. "கூடுதலாக வந்தால் திருப்பித் தருகிறேன்" என்று எழுதிக் கொடுத்த ஒரு நீதித்துறை அதிகாரியிடம் பிடிக்கலாம் என்று தீர்ப்பு.

நல்லது. ஆனால் ஒரு பியூன் கோர்ட்டுக்குப் போய்த்தான் நியாயம் வாங்க வேண்டுமா? பணத்தைப் பிடிக்காமல் விட்டால் நஷ்டம் யாருக்கு? வரி கட்டும் நமக்குத்தான்! முதலிலேயே சரியாகப் போட்டிருந்தால் இரண்டு தொல்லையும் இல்லையே!

"ஆளே பற்றாக்குறை. பயிற்சிக்கு அனுப்பினால் வேலையை யார் பார்ப்பது?" என்று அதிகாரிகள் கேட்பார்கள். கேள்வி சரிதான். ஆனால் ஆட்சேபணைக்குப் பதில் எழுதுவதில் எத்தனை நாள் போகிறது? திரும்பி வந்த பில்லை மறுபடி போட எத்தனை நாள் போகிறது? அதையும் கணக்கில் சேருங்கள்!

பயிற்சி கொடுத்தால் திருட்டு ஒழிந்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். திருடனுக்கு விதி நன்றாகவே தெரியும்! ஆனால் "தெரியாமல் நடந்துவிட்டது" என்ற சாக்கு அவனுக்கு இருக்காது.

செய்ய வேண்டியது இதுதான்:

பில் சீட்டில் உட்காருவதற்கு முன்பே இரண்டு வாரமாவது கணக்குப் பாடம் நடத்துங்கள்.

பழைய தணிக்கை ஆட்சேபணைகளையே பாடமாக வையுங்கள். பெயரை அடித்துவிட்டு, "இதில் தப்பு எங்கே?" என்று கேளுங்கள்.

புது உத்தரவு வந்தால் சர்க்குலர் அனுப்பி நிறுத்தாதீர்கள். ஒரு கணக்காவது போட்டுக் காட்டுங்கள்.

தணிக்கைக்காரர்களுக்கும் பாடம் வேண்டும். மாநகராட்சி, நகராட்சி வரிக் கணக்கெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கும்போது, நாலு தாளை அச்செடுத்து டிக் அடித்தால் போதாது. ஆட்சேபணையும் படித்தால் புரிகிற மாதிரி இருக்க வேண்டும்.

இன்கிரிமெண்டு போட்ட உடனே, அந்த வருடமே சரிபாருங்கள். ரிட்டையர் ஆகும் வரை காத்திருக்காதீர்கள்!

பஸ் வந்தது. பெரியவர் ஏறும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"என் பையனும் பரீட்சை எழுதி பாஸ் பண்ணிட்டான் சார். அடுத்த மாசம் வேலையில் சேரணும். பில் சீட்டு கொடுத்திடுவாங்களோன்னு பயமா இருக்கு!"