தூக்கிவாரிப் போட்டால் போதுமா?

பேய்ப்பட ரசிகர்கள் நாலு பேர் கூடினால் ஒரு பட்டியல் போடாமல் கலைய மாட்டார்கள். முதலிடத்தில் பெரும்பாலும் ‘தி எக்ஸார்சிஸ்ட்’ இருக்கும். காரணம் கேட்டால், இதைப்போலப் பயமுறுத்திய படம் வேறில்லை என்பார்கள். 1973 டிசம்பரில் வெளியானபோது தியேட்டரிலேயே சிலர் மயங்கி விழுந்த செய்தியைச் சாட்சிக்கு அழைப்பார்கள். அதிகம் பயமுறுத்தும் படமே சிறந்த திகில் படம் என்ற இந்த நம்பிக்கை, திகில் படம் என்றாலே முகம் சுளிப்பவர்களைவிட அதிகக் கேட்டை அந்தக் கலைக்குச் செய்திருக்கிறது.

இந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது? 1958இல் ‘மகாப்ர’ படத்தை வெளியிட்ட அமெரிக்கத் தயாரிப்பாளர் வில்லியம் காஸில், படம் பார்த்துப் பயத்தில் யாராவது இறந்தால் 1,000 டாலர் தருவதாக லண்டன் லாய்ட்ஸில் காப்பீடு எடுத்து விளம்பரம் செய்தார். அடுத்த ஆண்டு ‘தி டிங்ளர்’ படத்துக்காகச் சில தியேட்டர்களில் இருக்கைகளுக்கு அடியில் அதிரும் மோட்டார்களைப் பொருத்தினார். பார்ப்பவரின் உடம்பு பதறுவதைப் படத்தின் தகுதியாகக் காட்டியவர்கள் டிக்கெட் விற்க வேண்டியிருந்தவர்கள். அவர்களுக்கு அது பிழைப்பு. ரசிகர்களாகிய நாம் அந்த விற்பனைப் பேச்சை அப்படியே வாங்கி, விமர்சனம் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

எதிர்பாராமல் பெரிய சத்தம் கேட்டால் கைக்குழந்தையும் துள்ளும். அந்தத் துள்ளலை உண்டாக்கக் கலைஞன் தேவையில்லை. அதைத் திரையில் முதன்முதலில் முறையாகச் செய்து காட்டியவர்களோ கலைஞர்கள். வால் லூட்டன் தயாரித்து, ழாக் தூர்னர் இயக்கிய ‘கேட் பீப்பிள்’ (1942) படத்தில் ஆலிஸ் இரவில் பூங்காச் சுவரை ஒட்டித் தனியாக நடக்கிறாள். பின்னால் இரேனா தொடர்கிறாள். பின்னணி இசை கிடையாது. இரண்டு பெண்களின் குதிகால் செருப்புச் சத்தம் மட்டும் மாறி மாறிக் கேட்கிறது. சட்டென்று அதில் ஒன்று நின்றுவிடுகிறது. ஆலிஸ் திரும்பிப் பார்க்கிறாள். தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. அவள் ஓட்டமும் நடையுமாகப் போகும்போது, திரையின் ஓரத்திலிருந்து சீறிக்கொண்டு ஒரு பேருந்து வந்து நிற்கிறது. நமக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. இந்த உத்திக்கு ‘லூட்டன் பஸ்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் அந்தக் காட்சியின் உயிர் பேருந்தில் இல்லை, நின்றுபோன அந்தக் காலடிச் சத்தத்தில் இருக்கிறது. பின்னால் வந்தவர்களில் பெரும்பாலோர் பேருந்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

‘தி எக்ஸார்சிஸ்ட்’ பெரிய படம்தான். அதன் பெருமையைத் தலை திரும்புவதிலும் பச்சை வாந்தியிலும் தேடுவதைத்தான் நான் மறுக்கிறேன். சிறுமி ரீகனை மருத்துவமனையில் படுக்கவைத்து, கழுத்தில் ஊசி ஏற்றி, மூளையின் ரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் காட்சி ஒன்று உண்டு. ரத்தம் பீறிடுகிறது, இயந்திரம் தடதடக்கிறது. அங்கே பிசாசு இல்லை. டாக்டர்கள் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்கிறார்கள், குழந்தைக்கு என்ன என்று மட்டும் எவருக்கும் தெரியவில்லை. அந்தத் தெரியாமைதான் இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கின் நமக்குள் இறக்கும் பயம். பத்துப் பரிந்துரைகளில் படம் வென்ற இரண்டு ஆஸ்கர்களும் தழுவல் திரைக்கதைக்கும் ஒலிக்கும் கிடைத்தவை.

முதல்நாள் பதற்றத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஜான் கார்பென்டரின் ‘தி திங்’ போதும். 1982இல் அருவருப்பு என்று விமர்சகர்கள் ஒதுக்கினார்கள், வசூலும் விழுந்தது. இன்று அது இல்லாத பட்டியல் அரிது.

“பழைய படங்கள் இப்போது யாரைப் பயமுறுத்துகின்றன?” என்று கேட்பவர்களை ஜாக் கிளேட்டனின் ‘தி இன்னசன்ட்ஸ்’ (1961) படத்துக்கு அழைக்கிறேன். ஹென்றி ஜேம்ஸின் 1898ஆம் ஆண்டுக் கதை. கிராமத்து மாளிகையில் இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வரும் ஆசிரியையாக டெபரா கெர். அகலத்திரைதான் வேண்டும் என்று ஸ்டுடியோ வற்புறுத்தியதால், ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி ஃபிரான்சிஸ் வடிகட்டிகளில் வண்ணம் பூசித் திரையின் இரு ஓரங்களையும் இருட்டாக்கினார். நம் கண் அந்த இருட்டை விட்டு நகர மறுக்கிறது. ஆனால் படத்தின் மிகக் கொடிய பேய் நல்ல பகலில் வருகிறது. ஏரிக்கு அக்கரையில், நாணல்களுக்கு நடுவே, கறுப்பு உடையில் ஒரு பெண் அசையாமல் நிற்கிறாள். அவள் பாய்ந்து வருவதில்லை, கத்துவதில்லை.

முதல்முறை பார்க்கும்போது அந்தப் பெண்ணைத் தேடுகிறோம். மறுமுறை பார்க்கும்போது ஆசிரியையின் முகத்தைப் பார்க்கிறோம். அவளிடமிருந்து இந்தக் குழந்தைகளை யார் காப்பாற்றுவார்கள் என்று பயம் வருகிறது. கடைசியில் அந்தச் சிறுவன் சாவது பேயாலா, அவளுடைய நம்பிக்கையாலா? படம் சொல்வதில்லை. கதை முழுதும் தெரிந்த பிறகு பயம் கூடுகிற படம் இது. தூக்கிவாரிப் போடுவதை மட்டும் நம்பிய எந்தப் படத்துக்கும் இது வாய்க்காது, ஏனென்றால் சத்தம் எங்கே வரும் என்று தெரிந்தபின் அங்கே பயப்பட ஒன்றுமில்லை.

என் பட்டியலில் முதலிடம் ‘தி இன்னசன்ட்ஸ்’ படத்துக்குத்தான். உங்கள் முதலிடத்தில் வேறு எது இருந்தாலும் இருக்கட்டும். அதை அங்கே வைக்கும் முன், எல்லாத் திருப்பங்களும் தெரிந்த நிலையில், பகல் வெளிச்சத்தில் இன்னொரு முறை பார்த்துவிட்டு வையுங்கள்.